சேதி இல்லாத ஓட்டம்

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஆக்கிரமிப்பு என்று மனு வந்திருந்தது. பார்வையிடக் கிளம்பிய மேலதிகாரியோடு கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கோட்டை ஒன்றும் பெரிய மலைமேல் இல்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். நான் பாதியிலேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். புல வரைபடத்தை மடியில் விரித்து, எல்லைக் கற்களைச் சரிபார்ப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. திரும்பி இறங்கிய மேலதிகாரி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். வரைபடம் தலைகீழாக இருந்ததை இருவரும் பார்த்தோம். இருவரும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் உதவியாளர். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த விதியைச் சுட்டினால் கோப்பு நகரும், எதைச் சுட்டினால் அசையாமல் கிடக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனைவி அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பையன் அவளோடு இருந்தான். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஊரில் பணி தரலாம் என்ற உத்தரவை ஆபீஸில் எல்லோருக்கும் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதைக் காட்டி மூன்று பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். என் மனு மட்டும் நான்கு வருடம் பரிசீலனையில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன், திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவேன். மற்ற நாட்களில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தலைக்குமேல் கொடியில் காயும் இரண்டு சட்டைகள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் என் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார். முதல் தடவை வந்த எண்ணை அவர் நம்பவில்லை.

"நடங்க. நடக்க முடிஞ்சா அப்பறம் ஓடுங்க. இப்படியே ஒக்காந்திருந்தா ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஒக்கார முடியாது."

திருச்சிக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது வெள்ளை கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினேன். அரை டிராயர் தைக்கப் போனால், பையனுக்கா என்று டெய்லர் கேட்டார். எனக்குத்தான் என்றதும் டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பார்த்து, துணி போதாது என்றார்.

அரியலூர் ரோட்டிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு கிளை ரோடு பிரியும். லாரித் தொல்லை இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி, சின்ன வெங்காயம், நடுநடுவே வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைகள். முதல் நாள் ஐந்தரை மணிக்கு அங்கே போய் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஓடினேன். நான்கு கரண்டு கம்பம். ஐந்தாவது கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலாவில் யாரோ கத்தியை வைத்துத் திருகியது போல இருந்தது. வாயில் இரும்பின் ருசி. அறைக்குத் திரும்பி நடக்க ஓடியதைப்போல நான்கு மடங்கு நேரம் ஆனது.

அந்த ஊர்களில் அப்போது வளர்ந்த ஆம்பளை ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பஸ், திருடன், பாம்புக்கடி, சாவு, இவற்றில் ஒன்று. மூன்றாம் நாள் பால்கேனோடு சைக்கிளில் வந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார். அவசரமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சில்லை, கையைத்தான் ஆட்டினேன். அதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். கேன்களை முன்னால் மாட்டிக்கொண்டு, "ஏறுங்க சார், மெதுவாச் சொல்லிக்கலாம்" என்று கேரியரில் உட்காரவைத்துவிட்டார். ஒரு கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த துக்கம் என்னவென்று அவர் கேட்கவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

ரோடு பிரியும் முனையில் ஒரு டீக்கடை உண்டு. ஒரு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டாம் நாள் கேட்டேவிட்டார்.

"சார், தெனமும் யாருக்குங்க கேதம்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். உடம்புக்கென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்றார் ஒருவர். ஆபீஸிலும் விஷயம் தெரிந்துபோயிற்று. தலைமையிடத்தை விட்டு வெளியே போக முன்அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர். ஓட்டம் தலைமையிட எல்லைக்குள்தான் முடிகிறது என்று பதில் சொன்னேன். அது உண்மைதான். எல்லையைத் தாண்ட என்னால் முடியவில்லை.

கேதம் என்று டீக்கடைக்காரர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஏன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் ஊரில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்த வேலைகளில் ஒன்று, சாவு விழுந்தால் அந்த வீட்டு உறவுகளுக்கெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சேதி சொல்வது; கேதம் சொல்வது என்பார்கள். என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்தார். ஓடித்தான் போகவேண்டும். சேதி சொல்லும்வரை எங்கும் உட்காரக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். முதலில் ஊர்ப் பெயர், அப்புறம் வீட்டுப் பெயர், அப்புறம்தான் இறந்தவர். எப்போது எடுக்கிறார்கள் என்பது கடைசியில். நடைமுறை என்றால் என்னவென்று நான் முதலில் தெரிந்துகொண்டது ஆபீஸில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். இனிமேல் யாரும் கேதம் சொல்லப் போவதில்லை என்று முடிவானது. அந்தத் தீர்மானத்தை ஒரு தாளில் திருத்தமாக எழுதிக்கொடுத்தவன் நான். என் வாழ்நாளில் நான் எழுதிய வரைவுகளில் ஒரு எழுத்தும் மாற்றப்படாமல் நிறைவேறியது அது ஒன்றுதான்.

நான் ஓட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். கண்ணைக் காட்டுவதற்காக அப்பா பெரம்பலூர் வந்து அறையில் தங்கினார். கதவுக்குப் பின்னால் இருந்த ஷூவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எதுக்கு இது?"

"ஓடறதுக்குப்பா."

"யாரு செத்தது?"

கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஷூவை இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் ஓடிய காலத்தில் ஒரு நாள்கூடச் சும்மா ஓடியதில்லை என்றார். சும்மா ஓடினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. நான்கு கம்பம், ஆறு கம்பம் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. யாரும் சாகாமல் நான் ஓடவேண்டும். எவருக்கும் எதையும் கொண்டுபோகாமல் கையை வீசிக்கொண்டு ஓடி, கையை வீசிக்கொண்டே திரும்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஓடும் முதல் ஆள் நானாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் எல்லாம் டாக்டரின் கவலை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. அரியலூரிலிருந்து திரும்பும் திங்கட்கிழமைகளில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையை டீக்கடையில் வைத்துவிட்டு ஓடினேன். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மதகு உண்டு. அதுவரை நிற்காமல் போவதுதான் என் இலக்கு. வழியில் ரோட்டோரமாக வேலி போட்ட ஒற்றை வீடு, கொல்லைக்குள் தனியாக இருக்கும். எப்படியும் அந்த வேலிக்கு வந்ததும் மூச்சு முட்டி நின்றுவிடுவேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் வேலியைத் தாண்டிவிட்டேன். மதகுக் கட்டையைத் தொட்டபோதுதான் நிற்காமல் வந்தது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. சொல்வதற்கு யாராவது வேண்டும் போல இருந்தது. அறைக்கு வந்து காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன். நல்லது என்றாள். சட்டையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தைக்கக் கொடுங்கள் என்றாள். அவள்மேல் தப்பில்லை. ஒரு வாரத்து வீட்டு வேலைகளை ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டியவர்கள் மதகைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

அடுத்த மாதம், பனி விலகாத ஒரு காலையில், அந்த வேலிப்படலுக்கு வெளியே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. வூட்டுக்காரரு போயிட்டாருங்க. தண்ணி கேட்டாரு. கொண்டாரதுக்குள்ள…"

நான் நின்றேன். மூச்சு இரைப்பை அடக்க முடியவில்லை. ஒரு சாவுக்கு முன்னால் அப்படி இரைப்பது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு பையன்களும் மெட்ராஸில். இந்த ரோட்டிலேயே ஏழு கிலோமீட்டரில் அந்த அம்மாவின் அண்ணன் வீடு. அண்ணன் வந்தால்தான் பையன்களுக்குத் தந்தி, மற்ற காரியங்கள் எல்லாம். ஏழு மணிக்குத்தான் முதல் டவுன் பஸ். கூலியாட்கள் வரவும் நேரமாகும்.

"கேதம் சொல்ல இப்பல்லாம் ஆளுங்க வரதில்லீங்க. கூட்டம் போட்டு நிறுத்திட்டாங்களாம். நீங்க அந்தப் பக்கந்தானே ஓடுறீங்க. ஒரு எட்டு சொல்லிட்டு வந்துர்றீங்களா?"

அவருக்கு நான் ஆபீஸ் சார். வெள்ளை ஷூ போட்டு ஓடுகிறவர். அதற்கு மேல் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறுக்க ஒரு விதியும் என் நினைவுக்கு வரவில்லை.

"சொல்றேம்மா. நீங்க உள்ள போங்க."

அவர் போகவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ஓடினேன். புளியமரத்துக்கு அப்பால் ரோடு வளைகிறது. அந்த வளைவைத் தாண்டியதும், இனி அவருக்கு நான் தெரியமாட்டேன் என்று தெரிந்ததும், நின்றேன். அப்புறம் நடந்தேன்.

பிறகு எத்தனையோ தடவை இதற்கு எனக்கு நானே விளக்கம் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஏழு கிலோமீட்டர் தொடர்ந்து ஓட எனக்கு அப்போது சக்தி இல்லை. அது உண்மை. உண்மையான தகவல்களை மட்டும் வைத்துப் பொய் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஓடி, நடந்து, மறுபடி ஓடிப் போயிருந்தால் குறைந்தது இருபத்தைந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் நடந்தது முடியாததால் இல்லை. சேதியைக் கொண்டுபோகிறேன், ஆனால் அதைச் சுமந்துகொண்டு ஓடமாட்டேன் என்று நடந்தேன். நடக்க நடக்க அது ரொம்பச் சரியாகத் தோன்றியது. ஒரு தீர்மானத்தை எழுதியவன் தானே அதை மீறலாமா? பட்டறைகளைக் கடந்தேன். பனி விலகியது. வெயில் முதுகில் விழுந்தது. ஒரு கட்டத்தில், சட்டையெல்லாம் காய்ந்துபோய் எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

அண்ணன் வீடு மாடி வீடு. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன், அப்புறம் இறந்தவரைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எந்த வரிசையில் சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தினார். பிறகு எழுந்து என்னை உள்ளே கூப்பிட்டார், நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எப்போது நடந்தது, தங்கச்சி எப்போது சொன்னாள் என்று கேட்டார். ஐந்தே முக்கால் இருக்கும் என்றேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு தாண்டி ஐந்து நிமிடம். எந்த ஆபீஸ் என்று கேட்டார், சொன்னேன். சொந்த ஊர் எது என்றார், சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். இந்த மூன்று கேள்விகளும் எப்போதும் இதே வரிசையில்தான் வரும். மூன்றாவதற்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது. அன்றைக்கு ஏனோ அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"கெழக்குத் தெருங்க."

"ஓ."

உள்ளிருந்து வந்த நாற்காலி எனக்கு எட்டாமல் சுவரோரம் நின்றது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒங்க ஆளுங்க முன்னல்லாம் ஓடியேல்ல வருவாங்க. தங்கச்சி ஒத்தையா ஒக்காந்திருக்கும்."

அதில் குத்தல் இல்லை. மைத்துனரை இழந்த ஒருவர், தங்கை தனியாக இருக்கிறாளே என்ற பதைப்பில் சொன்னது. திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு, கோடித் துணி எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகவும், தந்திக்கு ஆள் அனுப்புவதாகவும் தங்கையிடம் சொல்லச் சொன்னார். டவுன் பஸ் அங்கேதான் திரும்பும். அதில் ஏறினேன்.

நான் இறங்கியபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. அண்ணன் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அடுப்பு எரியக் கூடாதுங்க, தண்ணிதான் குடுக்க முடியும். அம்மாந்தூரம் ஒங்கள ஓட வுட்டுட்டேன்."

நான் நடந்துதான் போனேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். டம்ளரை வாங்கிக் குடித்தேன். எனக்குத் தாகமே இல்லை.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். யாரிடமாவது பேசவேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாக அவருக்குப் பேச ஆளில்லை.

"அவரு ஒங்கள தெனம் பாப்பாரு சார். கட்டில சன்னலோரமாப் போடச் சொன்னதே அதுக்குத்தான். எங்க வேலிகிட்ட வந்து இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்கள்ல, 'சாருக்கு இன்னிக்கும் முடியல'ம்பாரு. போன மாசம் ஒரு நாளு நிக்காம போயிட்டீங்களாம். தூங்கிட்டிருந்த என்னைய எழுப்பிச் சொல்றாரு."

நான் எதற்காக ஓடுகிறேன் என்று அவர் நினைத்தார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதுக்கா? சும்மாத்தான்னாரு. ஓடுனா நல்லாருக்கும்ல, அதான்னாரு."

கூலியாட்கள் வந்த பிறகுதான் கிளம்பினேன். அன்றைக்கு ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் தாமதம். அனுமதிச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன். அது தவறான பதிவு. சரியான பதிவு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் வந்து, தான் சேதி கேட்டது ஏழு மணிக்கு மேல் என்று தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கமாட்டார். சாவு வீட்டில் எத்தனை மணிக்கு என்னவென்பதைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். வளைவு வரைக்கும் நான் ஓடியதைப் பார்த்தவர் அந்த அம்மா. மீதிக் கணக்கை அவரே போட்டிருப்பார். அதை நினைத்து ஒரு மாதம் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. துறைமங்கலம் பக்கம் ஓடினேன். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டன. என் ஓட்டத்தைப் பற்றி அப்பாவிடமோ மனைவியிடமோ அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மறுபடி கிளை ரோட்டில் திரும்பினேன். வேலிக்கு நூறு அடி இருக்கும்போதே தெரிந்துவிட்டது, அந்த அம்மா படலுக்குள் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. எனக்கு மூச்சு இருந்தது, ஆனாலும் நின்றேன். என்ன சொல்ல நின்றேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் ஓடவில்லை என்று சொல்லவா, ஏன் ஓடவில்லை என்று சொல்லவா? அதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவர் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் முகத்தையும் ஷூவையும் பார்த்தார்.

"ஓடுங்க சார்" என்றார்.

ஓடினேன்.